முள்ளும் தூண்டிலும் சுடரும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்வையும் தொழிலையும் அறிய விரும்புவோர் அம்மக்களின் வயலையும் கடலையும் நேரிற் சென்றுதான் காண வேண்டும் என்பதில்லை. அவர்தம் பேச்சைச் சற்றே செவிமடுத்தாலும் போதும். உழுத மண்ணும், ஓட்டிய மரக்கலமும், ஏறிய குதிரையும், ஏற்றிய விளக்கும் அவர்தம் சொற்களில் அழியாத சுவடுகளாகப் பதிந்திருக்கும். பொருள்கள் மறைந்துபோகும், தொழில்கள் மாறிப்போகும், ஆயினும் அவற்றிலிருந்து பிறந்த சொற்றொடர்கள் மக்கள் நாவில் நின்று நிலவும். இவ்வுண்மையை விளக்குவதற்குக் குதிமுள் என்னும் சிறு கருவி ஒன்றே போதுமானது.

குதிமுள்ளின் வரலாறு

குதிரை ஏறுவோர் தம் காலணியின் குதிப்பகுதியில் பூட்டிக்கொள்ளும் முள்ளே குதிமுள் எனப்படும். ஆங்கிலேயர் இதனை ‘ஸ்பர்’ என்பர். வீரனின் இரு கைகளும் கடிவாளத்தையும் வேலையும் பற்றியிருக்கும் வேளையில், குதிரையை விரைவுபடுத்த அவனுக்கு எஞ்சியவை கால்களே. ஆதலின் குதிகாலில் முள்ளைப் பூட்டி, அதனால் குதிரையின் விலாவைத் தொட்டு விரைவித்தான். முதலில் ஒற்றை முள்ளாக இருந்த இக்கருவி, பின்னர்ச் சுழலும் பற்சக்கரம் உடையதாக வளர்ந்தது.

ஐரோப்பாவின் இடைக்காலத்தில் குதிமுள் வெறுங்கருவியாக மட்டும் இருக்கவில்லை. பெருமையின் சின்னமாகவும் விளங்கிற்று. மாவீரன் என்னும் பட்டம் பெற்றவனுக்கே பொன்முலாம் பூசிய குதிமுள் உரியது. 1302-ஆம் ஆண்டில் குர்த்ரே என்னும் ஊரில் பிளாண்டர்சு நாட்டுக் காலாட்படையினர் பிரெஞ்சு நாட்டுக் குதிரை வீரரை முறியடித்தனர். களத்தில் வீழ்ந்தவரின் பொற்குதிமுட்களைத் திரட்டி அவ்வூர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டனர். இன்றளவும் அப்போர் ‘பொற்குதிமுட் போர்’ என்றே வரலாற்றில் வழங்குகிறது. 1346-ஆம் ஆண்டில் கிரெசி என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் பதினாறு வயது மகன் பகைவர் நடுவே இடர்ப்பட்டான். துணைப்படை வேண்டித் தூதுவன் வந்தபோது, மகன் தன் குதிமுட்களைத் தானே ஈட்டிக்கொள்ளட்டும் என்று மன்னர் மறுத்துவிட்டார் எனப் புருவாசார் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். ஒரு துறையில் தன் திறமையை முதன்முதலாக நிலைநாட்டியவனைக் ‘குதிமுள் ஈட்டியவன்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும்.

இக்கருவி பின்னர் ஸ்பெயின் நாட்டாரோடு கடல் கடந்து மெக்சிகோவை அடைந்தது. அங்குக் குதிரைமீதமர்ந்து மாடு மேய்த்தவரிடமிருந்து வட அமெரிக்காவின் மேற்குப்புற மேய்ப்பர் இதனைக் கற்றனர். இவரே ‘கௌபாய்’ எனப்படுவோர். 1865-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், டெக்சாசு மாநிலத்து மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்று புகைவண்டி நிலையங்களிற் சேர்த்தவர் இவர்கள். இவர்தம் குதிமுள்ளில் சிறு குண்டுகள் தொங்கும். நடக்குந்தோறும் அவை சதங்கைபோல் ஒலிக்கும். குதிரையைப் புண்படுத்தாதிருக்கும் பொருட்டு முள்ளின் முனையை அரத்தால் மழுக்கிக்கொள்வோரும் உண்டு. தேர்ந்த மேய்ப்பன் குதிரையைக் குத்துவதில்லை, மெல்லத் தொடுவான். தொட்ட அளவிலேயே குதிரை குறிப்பறிந்து நடக்கும்.

இவ்வாறு பல நூற்றாண்டுகள் பழகிய கருவி ஆகையால் ஆங்கில மொழியெங்கும் அதன் முத்திரை காணப்படுகிறது. ஒருவனை ஊக்குதலைக் குதிமுள் இடுதல் என்பர். முன்பின் எண்ணாது அக்கணத்தில் தோன்றியவாறு செய்தலைக் ‘கணத்தின் குதிமுள்மேல்’ செய்தல் என்பர். மலைத்தொடரிலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளையும், சேவற்காலின் பின்முள்ளும், பெரும்பாதையிலிருந்து பிரியும் சிறு இருப்புப்பாதையும் அப்பெயரையே பெற்றுள்ளன. குதிரையை இன்று கண்ணாலும் காணாத ஆங்கிலேயச் சிறுவனும் குதிமுள்ளை நாள்தோறும் நாவில் ஏந்தித் திரிகிறான்.

சேதுக் கரையும் குதிரையும்

தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரைக்கும் குதிரை புதிதன்று. பாண்டிய நாட்டில் நல்ல குதிரைகள் பிறப்பதில்லை. ஆதலால் பாரசீக, அரேபியக் கரைகளிலிருந்து அவை மரக்கலங்களில் வந்திறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இவ்வாணிகத்தை விரிவாகக் குறித்துள்ளார். ஆர்மசு, கிசு, ஏடன் முதலிய துறைமுகங்களின் வணிகர் குதிரைகளைக் கொணர்ந்தனர் என்றும், பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், வளர்க்கும் முறை அறியாமையால் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் அவர் கூறுகிறார். வாசாபு என்னும் பாரசீக வரலாற்றாசிரியரும் இவ்வாணிகத்தைப் பற்றி எழுதியுள்ளார். இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினத்தில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற சீனப் பீங்கான் ஓடுகள், அந்நாளில் இக்கரை உலக வாணிகத்தின் நடுவே இருந்தமைக்குச் சான்று பகர்கின்றன.

இக்கரைக்கு வடக்கே உள்ள திருப்பெருந்துறைக்கு, பாண்டிய மன்னனுக்காகக் குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற அமைச்சரே மணிவாசகர் என்பது வழிவழி வந்த வரலாறு. அப்பொன் திருப்பணியில் செலவாயிற்று. இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தான். அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாயின. ‘நரியைப் பரியாக்கிய கதை’ என்னும் வழக்கு இதிலிருந்து பிறந்தது. இன்றும் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் சிற்றூர்களில் அய்யனாருக்குப் புரவி எடுக்கும் விழா நடைபெறுகிறது. குயவர் வடித்த மண்குதிரைகள் ஊர்கூடி எடுத்துச் செல்லப்பெற்றுக் கோயில் முன்றிலில் நிரையாக நிற்கின்றன.

ஆகவே தமிழிலும் குதிரையைக் கொண்ட பழமொழிகள் பல உள. அடக்கமின்றித் திரிவோனைக் ‘கடிவாளமில்லாக் குதிரை’ என்பர். துன்பத்தின்மேல் துன்பம் நேர்ந்தால் ‘குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம்’ என்பர். ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பது மற்றொன்று. அதில் வருவது குதிரையன்று, ‘குதிர்’ என்னும் மணல்திட்டே என்று விளக்குவாரும் உளர். தனுசுக்கோடிக்கு அப்பால் கடலிடையே இன்று தோன்றி நாளை உருமாறும் மணல் தீடைகளைக் கண்டோர்க்கு அவ்விளக்கமும் பொருந்துவதாகவே தோன்றும். எவ்விளக்கம் கொள்ளினும் பெறப்படும் பாடம் ஒன்றே: சொல்லின் பின்னே நிற்கும் பொருளை மறந்துவிட்டால், பழமொழி நாவில் நிற்கும், கருத்தில் ஐயமே நிற்கும்.

குதிரையைப் பற்றி இத்துணை மொழிகள் இருந்தும், குதிமுள்ளைக் கொண்டு எழுந்த தொடர் எதுவும் தமிழ்மக்கள் பேச்சில் வேரூன்றவில்லை. அகராதிகளில் ‘குதிமுள்’ என்னும் சொல் உண்டு. சந்தையிலும் களத்திலும் அது வழங்குவதில்லை. பொதுமக்கள் குதிரை ஏறிப் பழகாமையே இதற்குக் காரணம். அவர்கள் மன்னரின் குதிரையைக் கண்டனர். அய்யனாரின் குதிரையைத் தொழுதனர். தாம் ஓட்டியதோ மாடே. எனவே அவர்கள் அறிந்த முள், மாடு ஓட்டும் தாற்றுக்கோலின் முள். அதனையே தென்னாட்டார் தார்க்குச்சி என்பர். யானையைச் செலுத்தும் தோட்டி என்னும் அங்குசமும் பழைமையானதே. வள்ளுவர் ஐம்பொறிகளை ஐந்து யானைகளாகவும், மனவுறுதியை அவற்றை அடக்கும் தோட்டியாகவும் உருவகித்தார். சங்கப் பாடல்களிலும், வினைமுடித்து வீடு திரும்பும் தலைவன், குதிரைகளை முள்ளால் தூண்டித் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுவதைக் காணலாம். முள்ளின் கொடுமை மேலைநாட்டார்க்கே உரியது, தமிழர் அதனை அறியார் என்று எவரும் பெருமை பேச இயலாது.

சொல்லைப் பெயர்த்தலும் பொருளைப் பெயர்த்தலும்

பள்ளிகளில் ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்கும் பயிற்சி உண்டு. அப்போது சில மாணவர் சொல்லுக்குச் சொல் வைத்துக் ‘கணத்தின் குதிமுள்மேல் அவன் புறப்பட்டான்’ என்று எழுதிவிடுகின்றனர். அதனைப் படிக்கும் தமிழர்க்கு முள் தைத்த வலி தோன்றுமேயன்றிப் பொருள் தோன்றாது. குற்றம் மாணவரின் அறிவில் இல்லை. சொல்லைப் பெயர்த்தாற் போதும் என்னும் எண்ணத்திலேயே உள்ளது.

அக்கருத்துக்கு உரிய தமிழ், வீட்டிலேயே இருக்கிறது. ‘நினைத்த மாத்திரத்தில் புறப்பட்டான்’ என்று பாட்டி சொல்வாள். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது கைநொடிக்கும் அளவே எனத் தொல்காப்பியம் வரையறுத்த கால அளவு. ‘நொடிப்பொழுதில்’ என்பதிலும் விரல் நொடிக்கும் ஓசையே இருக்கிறது. எண்ணிப் பாராத அவசரத்தைக் கண்டிக்க வேண்டுமாயின், ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யாதே’ என்பர். ஆங்கிலேயன் கணப்பொழுதைக் குதிரையின் விலாவில் கண்டான். தமிழன் தன் கண்ணிமையிலும் விரல்நுனியிலும் கண்டான்.

‘குதிமுள் ஈட்டியவன்’ என்பதற்கு ஈடான தமிழ் இன்னும் அழகுடையது. ஒரு கலையில் தேர்ந்தவரை ‘அக்கலையில் கரை கண்டவர்’ என்று தமிழர் போற்றுவர். ‘பல துறைகளில் வல்லவர்’ என்பர். துறை என்பது கலம் வந்தடையும் இடமன்றோ? மேலைநாட்டார் தேர்ச்சியைக் குதிரைவீரனின் பட்டமாகக் கருதினர். தமிழரோ அலைகடலைக் கடந்து கரை சேர்தலாகக் கருதினர். பாம்பனிலும் தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் வாழும் பரதவர் வீட்டுப் பிள்ளைக்குக் ‘கரை கண்டவர்’ என்பதன் பொருளை எந்த ஆசிரியரும் விளக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் கடலில் இருந்த தந்தை விடியலில் கரையேறக் காணும் பிள்ளை அவன். அவன் வீட்டுப் பேச்சே அவனுக்குக் கிடைத்த பெரும் அகராதி. அப்பேச்சை நாகரிகமற்றதென்று நாணி ஒதுக்குவானாயின், கையிலிருக்கும் முத்தை எறிந்துவிட்டுக் கிளிஞ்சல் தேடியவன் ஆவான்.

இதனால் பிறமொழித் தொடர்களைக் கல்லாதிருத்தல் வேண்டும் என்பதன்று. குதிமுள்ளின் வரலாற்றை அறிந்த மாணவன் ஆங்கிலத்தையும் செம்மையாகக் கற்பான். தமிழையும் செம்மையாகக் கையாள்வான். இரண்டின் பொருளையும் அறியாதவனே இரண்டையும் கெடுப்பான்.

தூண்டுதல் மூவகை

ஆயின், ‘ஸ்பர்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல்லாக ஈடு கூற இயலாதா? இயலும். ‘தூண்டுகோல்’ என்று தமிழர் அதனைப் பெயர்ப்பர். இங்கேதான் வியத்தகு வேறுபாடு ஒன்று புலனாகிறது. தூண்டுகோல் என்பது முள்ளுடைய கருவியன்று. விளக்கின் திரியைத் தூண்டும் சிறு கோல். எண்ணெய் விளக்கு எரிய எரியத் திரியின் முனை கருகும், சுடர் தாழும். அப்போது தாய் சிறு கோலால் கருகலைத் தட்டி, திரியைச் சற்றே மேலே நகர்த்துவாள். உடனே சுடர் நிமிர்ந்து வீடெங்கும் ஒளி பரவும். ஒருவர் மற்றொருவரின் நற்செயலுக்குத் துணைநின்றார் என்பதைச் சொல்ல வேண்டியபோது, தமிழர்க்கு நினைவு வந்தது ஓடும் விலங்கன்று, எரியும் விளக்கு.

அத்தூண்டு என்னும் அடியிலிருந்தே தூண்டில் என்னும் சொல்லும் பிறந்தது. ‘தூண்டிற்காரனுக்கு மிதப்பின்மேல் கண்’ என்பது கடற்கரையோரும் குளக்கரையோரும் நன்கறிந்த பழமொழி. இரையை நீட்டி மீனை ஈர்ப்பது தூண்டில். மேலும் தீய தூண்டுதலைக் குறிக்கத் ‘தூபம் போடுதல்’, ‘கொம்பு சீவிவிடுதல்’ என்னும் தொடர்களையும் தமிழர் தனியே படைத்துக்கொண்டனர். காளையின் கொம்பைச் சீவிவிட்டவன் வேலிக்கு வெளியே நிற்பான். குத்துப்படுவோர் வேறு சிலர்.

ஆகத் தூண்டுதல் மூவகைப்படும். முள்ளால் தூண்டுதல் ஒன்று. அஃது அச்சத்தால் இயக்குவது. இரையால் தூண்டுதல் மற்றொன்று. அஃது ஆசையால் இழுப்பது. கோலால் சுடரைத் தூண்டுதல் மூன்றாவது. அஃது அகத்தே உள்ள ஒளியை எழுப்புவது. இம்மூன்றில் மாணவர்க்கு உகந்தது எது என்பதே எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

அடித்தால்தான் பிள்ளை படிக்கும் என்று கருதுவோர் இன்றும் உளர். பரிசும் பதவியும் காட்டினால்தான் படிக்கும் என்று கருதுவோர் அவரினும் பலர். இவ்விரு கருத்தும் முற்றும் பொய்யல்ல. முள் தைத்த குதிரை ஓடத்தான் செய்யும். இரை கண்ட மீன் பாயத்தான் செய்யும். ஆனால் ஏறியவன் இறங்கியதும் குதிரை நின்றுவிடும். இரை தீர்ந்ததும் மீனுக்கு எஞ்சுவது முள்ளே. தேர்வு அச்சத்தால் மட்டும் படித்தவன் தேர்வு முடிந்த அன்றே நூலை மூடிவிடுகிறான். பரிசுக்காக மட்டும் படித்தவன் பரிசில்லாத இடத்தில் அறிவைத் தேடுவதில்லை. சுடரோ அத்தகையதன்று, தூண்டிய கை விலகிய பின்னும் அது நின்று எரியும்.

கரையில் நிகழ்ந்த பாடம்

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராமேசுவரத்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாமின் வாழ்விலேயே முள்ளும் சுடரும் எதிரெதிரே நிற்கக் காணலாம்.

இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்ற காலத்தில், கணக்காசிரியர் ஒருவர் வேறொரு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கலாம் கவனமின்றி அவ்வகுப்பினுள் நுழைந்துவிட்டார். ஆசிரியர் அவர் கழுத்தைப் பற்றி, மாணவர் அனைவர்க்கும் முன்னே பிரம்பால் அடித்தார். திங்கள் பல கழிந்தன. கணக்கில் கலாம் முழு மதிப்பெண் பெற்றபோது, அதே ஆசிரியர் பள்ளியின் காலைக் கூட்டத்தில் நிகழ்ந்ததை எடுத்துரைத்து, இம்மாணவன் பள்ளிக்கும் ஆசிரியர்க்கும் பெருமை தேடித் தருவான் என்று மனமாரப் பாராட்டினார். இந்நிகழ்ச்சியைக் கலாம் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ‘அக்கினிச் சிறகுகள்’ என்னும் வரலாற்றில் தாமே குறித்துள்ளார். ஆசிரியரின் பாராட்டு, முன்னர் அடைந்த அவமானத்துக்கு ஈடு செய்துவிட்டது என்பதே அவர் கருத்து. இதனைக் கொண்டு பிரம்பே பெரியோரை ஆக்கிற்று என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: பிரம்படி நெஞ்சில் விட்டுச் சென்றது அவமானம், அதனை ஆற்றியது பாராட்டு. ஆற்ற வேண்டிய புண்ணை உண்டாக்குவது எங்ஙனம் கல்வி ஆகும்?

இனி மற்றோர் ஆசிரியரைக் காண்போம். இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்பார் பறவை எவ்வாறு பறக்கின்றது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கினார். விளங்கவில்லை என்று சிறுவர் சொல்லினர். அவர் சினங்கொள்ளவில்லை. அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். மணற்கரையில் நின்று, பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் காட்டினார். ஏறத்தாழப் பத்து வயதினனாக அங்கு நின்ற கலாமின் உள்ளத்தில் பறத்தலைப் பற்றிய ஆசை அன்றே வேரூன்றியது. தம் வாழ்க்கையின் நோக்கத்தை அந்த ஒரு மாலையே வகுத்தது என்று அவர் பிற்காலத்தில் பல மேடைகளில் நன்றியோடு நினைவு கூர்ந்தார். படகுத்துறையிலிருந்து புறப்பட்ட அச்சிறுவர் சென்னையில் வானூர்திப் பொறியியல் கற்றார். 1980-ஆம் ஆண்டில் இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணிச் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியபோது அத்திட்டத்தின் தலைவராக விளங்கினார். 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகப் பணியாற்றினார். அம்மாலையில் எவரும் அவரைக் குத்தவில்லை. எவரும் இரை காட்டவுமில்லை. திரி சற்றே உயர்த்தப்பட்டது. சுடர் தானே எழுந்தது.

இக்கரையின் வரலாற்றில் மற்றொரு காட்சியும் நினைக்கத்தக்கது. 1893-ஆம் ஆண்டில் விவேகானந்தர் சிகாகோ சென்று சமயப் பேரவையில் உரையாற்றத் தூண்டுகோலாய் நின்றவருள் இராமநாதபுரம் மன்னர் பாசுகர சேதுபதி ஒருவர். 1897-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் அவர் வெற்றியோடு பாம்பனில் வந்திறங்கினார். அவர் ஏறிய வண்டியின் குதிரைகள் அவிழ்க்கப்பட்டன. மக்களோடு மக்களாக மன்னரும் வண்டியை இழுத்தார். முள்ளால் ஓட்டப்படும் குதிரைகள் செய்ய வேண்டிய பணியை, அன்பால் தூண்டப்பட்ட உள்ளங்கள் மேற்கொண்டன.

முள்ளை மழுக்கிய காலம்

காலம் செல்லச் செல்ல உலகம் முள்ளின் கொடுமையை உணர்ந்து வருகிறது. விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதன்கீழ் 1965-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், வண்டி இழுக்கும் விலங்குகளை முள் பதித்த கோல் கொண்டு ஓட்டுதல் கூடாது எனத் தடுத்துள்ளன. பள்ளிப் பிள்ளைகளை அடித்தலையும் மனம் நோகச் செய்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்துள்ளது. மாட்டுக்குக் கிடைத்த காப்பு மாணவர்க்குக் கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது எண்ணி நாணத்தக்க செய்தி.

ஆயினும் சட்டம் பிரம்பை மட்டுமே பறிக்க வல்லது. நாவிலுள்ள முள்ளை அது பறிக்க இயலாது. ‘உனக்குப் படிப்பு வராது’ என்னும் ஒரு சொல் தார்க்குச்சியினும் ஆழமாகத் தைக்கும். தோழனின் தவற்றைக் கண்டு நகைக்கும் மாணவனும் ஒரு குதிமுள்ளைப் பூட்டிக்கொண்டவனே. அச்சொல்லைக் கேட்டவன் ஒருகால் ஓடக்கூடும். அவன் ஓடுவது அறிவை நோக்கியன்று, அவமானத்தை விட்டு விலகியே.

தூண்டுகோலால் மட்டும் விளக்கு எரியுமோ என்று சிலர் வினவலாம். எரியாது. எண்ணெய் வற்றிய அகலில் திரியை எத்துணைத் தூண்டினும் புகையே எழும். எண்ணெய் என்பது மாணவனின் உழைப்பு. நாள்தோறும் சிறிது சிறிதாக அதனை வார்த்துக்கொள்ள வேண்டியவன் அவனே. வேண்டும்போதெல்லாம் திரியைத் தூண்டுவது ஆசிரியர், பெற்றோர், நண்பர் ஆகியோரின் கடமை. அளவுக்கு மிஞ்சித் தூண்டினால் சுடர் குதித்துப் புகையும். தூண்டாது விட்டால் கருகி அணையும். அளவறிந்து தூண்டுதல் அரிய கலை. அதனை இல்லத்துத் தாய்மார் ஒவ்வொரு மாலையும் ஓசையின்றிச் செய்து காட்டி வந்தனர்.

மின்விளக்கு வந்தபின் தூண்டுகோல் வீடுகளிலிருந்து மறைந்து வருகிறது. குதிரை மறைந்தும் குதிமுள் ஆங்கிலத்தில் நிற்பதுபோல், அகல் மறைந்தாலும் தூண்டுகோல் தமிழில் நிற்கும். அது வெறும் ஓசையாக நிற்பதோ, பொருளோடு நிற்பதோ அதனைப் பேசும் மக்களைப் பொறுத்தது. ஒருவரை ஊக்கும்போது தம் காலில் இருப்பது முள்ளா, கையில் இருப்பது தூண்டிலா, தூண்டுகோலா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணிப் பார்ப்போர் உள்ளவரையில் அச்சொல் பொருளோடு வாழும். அவர்தம் அருகிலுள்ள சுடர்களும் அணையாது நின்று ஒளிரும்.